இலங்கைக்குப் போக வேண்டாம் என்று பிரித்தானியா சொன்ன பிறகு காப்புறுதி எங்கே எடுப்பது?

26 ஏப்ரல் 2019

லண்டன் ஹரோவில் இருக்கும் ஒரு தம்பியின் கேள்வி: "அக்கா, மாமி போன கிழமை யாழ்ப்பாணத்து மானிப்பாயில் காலமாகிவிட்டா. செத்தவீட்டுக்குப் போக முடியவில்லை. அந்தியேட்டிக்காவது (31ஆம் நாள் கிரியை) போவம் என்று மே நடுப்பகுதிக்கு டிக்கெட் போட்டோம். அதற்குள் ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்தது. நேற்றுப் பிரித்தானிய வெளிநாட்டலுவலகமும் போக வேண்டாம் என்று அறிவித்துவிட்டது. எங்களுடைய வருடக் காப்புறுதி இனிச் செல்லாது என்கிறார்கள். போனால் சட்டப்படி குற்றமா? வேறு காப்புறுதி கிடைக்குமா?"

குற்றம் இல்லை. அது ஆலோசனை மட்டும்தான். ஹீத்ரோவில் யாரும் மறிக்க மாட்டார்கள், விமானமும் பறக்கும். சிக்கல் முழுக்கக் காப்புறுதியில்தான். பயணக் காப்புறுதிக் கிளெய்ம் (இழப்பீட்டுக் கோரிக்கை) பார்க்கும் இடத்தில் பல வருடம் இருந்தவள் என்பதால் தெரிந்ததை எழுதுகிறேன். நானும் அம்மாவோடு அடுத்த மாதம் போக இருக்கிறேன், ஆகவே இது எனக்கும் வேண்டிய விடயம்.

26 ஏப்ரல், இரவு

வெளிநாட்டலுவலகம் இரண்டு விதமாக எச்சரிக்கும். ஒன்று, எந்தப் பயணமும் வேண்டாம், வரைபடத்தில் சிவப்பு. மற்றது, அத்தியாவசியம் தவிர்ந்த பயணம் வேண்டாம், அது செம்மஞ்சள். இலங்கை முழுவதற்கும் நேற்றுச் சொன்னது இரண்டாவது. மானிப்பாயில் ஒன்றும் நடக்கவில்லையே என்று கேட்க வேண்டாம். கொழும்பும் நீர்கொழும்பும் மட்டக்களப்பும்தான் அடிபட்டன, ஆனால் வரைபடத்தில் தீவு முழுதும் ஒரே நிறம்.

பெரும்பாலான சாதாரணப் பொலிசிகள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆலோசனைக்கு மாறாகப் போனால் அந்தப் பயணத்துக்கு எதுவும் தர மாட்டோம் என்று ஒரே வரியில் எழுதியிருப்பார்கள். எது தொலைந்தாலும் சரி, எது உடைந்தாலும் சரி, ஒரே பதில்தான்.

27 ஏப்ரல்

இந்த இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "வருடப் பொலிசியே இரத்தாகிவிடும், இனி ஸ்பெயினுக்குப் போனாலும் செல்லாது." அப்படி இல்லை. இலங்கைப் பயணத்துக்கு மட்டும்தான் அது இல்லாமல் போகும். ஜூலையில் ஸ்பெயினுக்குப் போனால் அதே பொலிசி வேலை செய்யும். இந்தக் கதையை யார் கிளப்பிவிடுகிறார்களோ தெரியவில்லை, எச்சரிக்கை வருகிற நேரமெல்லாம் கூடவே வருகிறது.

சென்னையில் இருக்கும் மச்சாள் போன் எடுத்தாள். இந்திய அரசும் இன்று அத்தியாவசியம் இல்லாத பயணத்தைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறதாம். அவளுடைய காப்புறுதி இந்தியாவில் எடுத்தது; அதற்குப் பிரித்தானிய அறிவிப்புப் பொருந்தாது. அதேபோல டொரொன்டோ அண்ணன் "எங்களுக்குப் பிரச்சினை இல்லை" என்று சொல்வதை வைத்து நீங்கள் டிக்கெட் போடாதீர்கள். பொலிசி எந்த நாட்டில் எடுத்ததோ, எந்த அரசின் அறிவிப்பை அது குறிப்பிடுகிறதோ, அதுதான் கணக்கு.

29 ஏப்ரல்

போக விரும்பாதவர்களும் கேட்கிறார்கள், காசு திரும்புமா என்று.

விமானமும் ஹோட்டலும் சேர்த்து ஒரே பொதியாக வாங்கியிருந்தால் 2018 பொதிப் பயண விதிகள் உங்கள் பக்கம். அங்கே நிலைமை இப்படி ஆகிவிட்டால் கட்டணமில்லாமல் இரத்துச் செய்யலாம், முழுப் பணமும் திரும்ப வேண்டும். எங்கள் ஆட்களில் பொதி வாங்குவது யார்? தனி டிக்கெட்தான், வெம்பிளியில் தெரிந்த ஏஜன்டிடம். விமானம் பறக்கிற மட்டும் காசு திருப்பித் தர விமான நிறுவனத்துக்குக் கடப்பாடு இல்லை. திகதி மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், இப்படியான நேரத்தில் பல நிறுவனங்கள் விட்டுக்கொடுக்கும்.

காப்புறுதியில் இரத்துச் செலவு கேட்பதென்றால், அறிவிப்பு மாறினால் தருவோம் என்று உங்கள் பொலிசியில் தனியாக எழுதியிருக்க வேண்டும். எல்லாவற்றிலும் இராது. அறிவிப்பு வந்த பிறகு பொலிசி எடுத்துவிட்டு அதே அறிவிப்பைக் காட்டிக் கிளெய்ம் செய்யவும் முடியாது. போக மனமில்லை, பயமாயிருக்கிறது என்பதற்கு ஒரு நிறுவனமும் சல்லிக்காசு தராது. அதை விலக்குப் பட்டியலிலேயே போட்டிருப்பார்கள்.

2 மே

என் பொலிசிக்காரருக்கு இன்று போன் எடுத்தேன். நாற்பது நிமிடம் சங்கீதம் கேட்ட பிறகு ஒரு பெடியன் வந்தான். நல்ல மரியாதையான பிள்ளை.

"பெரியம்மா படுத்த படுக்கை, அம்மாவுக்கு ஒரே அக்கா, பார்க்கப் போகிறோம். இது அத்தியாவசியமா?"

"அது உங்கள் முடிவு மேடம். வெளிநாட்டலுவலகமே அப்படித்தான் சொல்கிறது."

"என் முடிவு அத்தியாவசியம் என்பது. அப்படியென்றால் காப்புறுதி செல்லும்தானே?"

"அதைக் கிளெய்ம் பகுதிதான் பார்க்கும்."

"எப்போது பார்க்கும்?"

"நீங்கள் கிளெய்ம் செய்யும்போது."

"சரி, இப்போது சொன்னதை ஒரு மின்னஞ்சலில் போட்டு அனுப்ப முடியுமா?"

மறுபடியும் சங்கீதம்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. குடும்ப அலுவலோ தொழில் அலுவலோ, அவசரமா இல்லையா என்பதைப் பயணம் போகிறவரே தீர்மானிக்கட்டும் என்றுதான் வெளிநாட்டலுவலகம் எழுதியிருக்கிறது. ஆனால் அந்தத் தீர்மானத்தை ஏற்க வேண்டும் என்று காப்புறுதி நிறுவனத்துக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. சில நிறுவனங்கள் முன்கூட்டியே கேட்டால் ஒப்புக்கொள்ளும். எழுத்தில் வராத ஒப்புதலை ஒப்புதலாக எண்ண வேண்டாம். ஹரோத் தம்பி, அந்தியேட்டி எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். கிளெய்ம் மேசையில் இருப்பவருக்குச் செத்தவீடு விளங்கும், 31ஆம் நாள் விளங்காது. மின்னஞ்சலில் "இறந்தவரின் மருமகன், கட்டாயச் சமயக் கிரியை, இன்ன திகதி, மாற்ற முடியாது" என்று எழுதி, மரணச் சான்றிதழையும் இணையுங்கள்.

4 மே

இந்த மாதிரி இடங்களுக்கென்றே காப்புறுதி தருபவர்கள் இருக்கிறார்கள். பத்திரிகையாளர்களும் தொண்டு நிறுவனக்காரர்களும் எண்ணெய்க் கம்பனி ஆட்களும் ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் எதை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்தீர்கள்? பட்டில்ஃபேஸ், ஹை ரிஸ்க் வொயேஜர், காம்பெல் இர்வின் என்ற பெயர்கள் இந்தப் பேச்சில் அடிக்கடி அடிபடும். எதையும் நான் சிபாரிசு செய்யவில்லை. மூன்று இடத்திலும் விலை கேளுங்கள், வயதுக் கட்டுப்பாட்டையும் கேளுங்கள். ஒப்பீட்டுத் தளங்களில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அங்கே "இலங்கை" என்று போட்டால் வருவதெல்லாம் சாதாரணப் பொலிசி, அறிவிப்பு விலக்கு பதினெட்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்.

6 மே

அத்தானுடைய வாதம்: "பயங்கரவாதத்துக்குக் கவர் இருக்கிறதா என்று மட்டும் பார், மற்றதெல்லாம் சும்மா."

நான் நேர்மாறாகச் சொல்வேன். கிளெய்ம் மேசையில் இருந்த காலம் முழுக்க எனக்கு வந்த அழைப்புகளில் குண்டு இல்லை. வயிற்றோட்டம், ஓட்டோ கவிழ்ந்து கை முறிவு, குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு, சீனி ஏறி மயக்கம், நெஞ்சு நோ. வீட்டில் இருந்தாலும் வரக்கூடியவைதான். எச்சரிக்கை வந்த நாட்டில் இவை வந்தால், காரணத்துக்கும் எச்சரிக்கைக்கும் ஒட்டுறவே இல்லாவிட்டாலும், பில் உங்கள் தலையில். படுக்கையில் கிடத்தியபடி, நேர்ஸ் ஒருவர் கூட வர, விமானத்தில் பல இருக்கைகளை எடுத்துக்கொண்டு லண்டன் கொண்டுவரும் செலவைக் கேட்டால் அத்தானுக்கே நெஞ்சு நோ வரும்.

ஆகவே பார்க்க வேண்டிய வரிசை: மருத்துவச் செலவு, நோயாளியைத் திருப்பிக் கொண்டுவருதல், பிறகுதான் மற்றவை. சூட்கேஸ் தொலைந்தால் தொலையட்டும்.

7 மே

மேலே எழுதியதில் ஒரு சந்தேகத்தை இன்னொருவர் கிளப்பியிருக்கிறார், நல்ல கேள்வி: "வழுக்கி விழுந்ததற்கும் அறிவிப்புக்கும் தொடர்பில்லையே, அதைச் சொல்லி வாதாட முடியாதா?"

முடியும். 2015 காப்புறுதிச் சட்டத்தில் 11ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. 2016 ஆகஸ்ட் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. குறிப்பிட்ட வகை, இடம், நேரத்து ஆபத்தைக் குறைப்பதற்காக வைத்த நிபந்தனையை நீங்கள் மீறியிருந்தாலும், அந்த மீறல் நடந்த இழப்பின் வாய்ப்பைக் கூட்டியிருக்க முடியாது என்று காட்டினால், அந்த நிபந்தனையைச் சொல்லி நிறுவனம் மறுக்க முடியாது என்பது அதன் சாரம். நிறுவனத்தின் பதிலும் தயாராக இருக்கும்: இது சாதாரண நிபந்தனை இல்லை, நாங்கள் எந்த ஆபத்தை ஏற்கிறோம் என்ற வரம்பே இதுதான். அந்தச் சட்டம் அப்படியான வரம்புகளைத் தொடுவதில்லை.

மறுத்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். அவர்களுக்கு எட்டுக் கிழமை. இறுதிப் பதில் வந்த பிறகு நிதிக் குறைகேள் சேவைக்கு (Financial Ombudsman Service) போக உங்களுக்கு ஆறு மாதம். செலவில்லை, வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது பணம் கட்டச் சொல்கிறவனிடம் 11ஆம் பிரிவைக் காட்ட முடியாது. இது வந்த பிறகு சண்டை பிடிக்கும் வழி. போகுமுன் அதை நம்பிப் பெட்டி கட்ட வேண்டாம்.

9 மே

எடுத்துவிட்டேன். சிறப்புப் பொலிசி, இரண்டு பேருக்கும். சாதாரணப் பொலிசியைவிட மூன்று மடங்குக்கு மேல். அதில் பெரும்பங்கு அம்மாவுக்கு. அவவுக்கு இதயத்தில் ஸ்டென்ட், சீனி, பிரஷர்.

உடல்நலக் கேள்விகளை அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனில் சொன்னேன். கடைசி இரண்டு வருடத்தில் ஆஸ்பத்திரியில் தங்கினாரா, மருந்தின் அளவு மாறியதா, எந்தப் பரிசோதனைக்காவது காத்திருக்கிறாரா. அம்மா பின்னாலிருந்து கையைக் காட்டுகிறா, "பிரஷரைச் சொல்லாதே, விலை கூடும்" என்று. ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவர்) மருந்துப் பட்டியலை அச்சிட்டு வாங்கி, அதைப் பார்த்தே ஒவ்வொன்றாகச் சொன்னேன். பட்டியலில் மூன்றாவது மாத்திரை பிரஷருக்கு. அதை மறைத்துவிட்டு அங்கே பக்கவாதம் வந்தால், ஜி.பி. பதிவை வரவழைத்து ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிப்பார்கள். இந்த வேலையை நானே செய்திருக்கிறேன்.

வாங்குமுன் கேட்ட கேள்விகள், உங்களுக்கும் உதவட்டும்: செம்மஞ்சள் என்றால் கவர் உண்டா? போன பிறகு சிவப்பானால் என்ன? கலவரம், ஊரடங்கு வந்தால் மருத்துவக் கவர் நிற்குமா? யாழ்ப்பாணத்தில் வசதி இல்லாவிட்டால் கொழும்புக்குக் கொண்டுபோவது யார் செலவு? நான்குக்கும் பதிலை எழுத்தில் வாங்கினேன். இரண்டாவதற்கு வந்த பதில்: அங்கே இருக்கும்போது நிலை மாறினால் கவர் தொடரும், ஆனால் நியாயமான முதல் வாய்ப்பில் வெளியேற வேண்டும். சாதாரணப் பொலிசிகளிலும் பலவற்றில் இதே வழக்கம்தான். ஏப்ரல் 21ஆம் திகதி, குண்டு வெடித்தபோது, அங்கே நின்ற பலர் இது தெரியாமல் தவித்தார்கள்.

10 மே

ஹரோத் தம்பிக்கு ஒப்புதல் வரவில்லை. "முடியாது" என்று ஒரு வரியில் பதில். பரவாயில்லை, தெரிந்துவிட்டது. அவரும் சிறப்புப் பொலிசி எடுக்கிறார், தனக்கு மட்டும். மனைவியும் பிள்ளைகளும் போகவில்லையாம். தாய்க்கு அந்தியேட்டி, மகள் லண்டனில், மருமகன் கிரியைக்குக் கீரிமலைக் கடற்கரையில். இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

15 மே, யாழ்ப்பாணம்

வந்து சேர்ந்தோம். வந்த நேரம் பாருங்கள். குளியாப்பிட்டி, மினுவாங்கொடைப் பக்கம் முஸ்லிம் மக்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் அடித்து நொறுக்கி, 13ஆம் திகதி இரவு நாடு முழுக்க ஊரடங்கு. அடுத்த இரவும். கட்டுநாயக்கவிலிருந்து வாடகை வானில் புறப்பட்டபோது விமான டிக்கெட்டைக் காட்டினால் விட்டார்கள். வவுனியா தாண்டி ஓரிடத்தில் இறக்கிப் பைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். அம்மா, "பத்து வருடத்துக்குப் பிறகும் இதுவோ" என்று மட்டும் சொன்னா. சாரதி பேசவில்லை.

நடைமுறைக் குறிப்பு: ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் முடக்கம். பொலிசியின் 24 மணிநேர அவசர இலக்கமும் பொலிசி எண்ணும் மின்னஞ்சலில் மட்டும் இருந்தால் கஷ்டம். கடதாசியில் எழுதி இரண்டு கைப்பையிலும் வையுங்கள். சாதாரண அழைப்பு வேலை செய்கிறது.

19 மே

அம்மாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். தனியார் ஆஸ்பத்திரியில் ஓர் இரவு வைத்துச் சேலைன் ஏற்றினார்கள். டெங்கு இல்லை. சேர்க்குமுன் அவசர இலக்கத்துக்கு அழைத்தேன். சேர்த்த பிறகு அழைத்தால் "எங்கள் அனுமதி இல்லாமல் செலவழித்தீர்கள்" என்று ஒரு கதை வரும். அவர்கள் மருத்துவரின் பெயர், வார்டு, போன் இலக்கம் கேட்டு, இரண்டு தரம் திரும்ப அழைத்தும் விசாரித்தார்கள். அந்த அளவில் திருப்தி.

பில்லைப் பார்த்தேன். பொலிசியில் முதல் 100 பவுண் நாங்கள் கட்ட வேண்டும். பில் அதற்கும் குறைவு. மூன்று மடங்கு பிரீமியம் கட்டிய பொலிசியில் ஒரு பென்னிகூடக் கேட்க வழியில்லை. பெரியம்மா படுக்கையிலிருந்தபடி சிரிக்கிறா.

20 மே

"அப்படியானால் எடுக்காமலே போயிருக்கலாமே" என்று இரண்டு பேர். யாழ்ப்பாணத்தில் ஓர் இரவுக் காய்ச்சலுக்குக் காப்புறுதி தேவையில்லை, உண்மைதான். கையிலேயே கட்டலாம். ஸ்டென்ட் அடைத்து, ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தாண்டிக் கொழும்புக்குக் கொண்டுபோய், அங்கிருந்து லண்டனுக்கு அனுப்ப வேண்டி வந்தால் வீட்டை விற்க வேண்டும். இளம் வயது, வருத்தம் ஒன்றும் இல்லை, இரண்டு கிழமைப் பயணம் என்றால் எடுக்காமல் போவது பைத்தியக்காரத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். நான் போக மாட்டேன், அவ்வளவுதான்.

அப்புறம் இன்னொன்று. இலங்கைக் குடியுரிமையும் வைத்திருப்பவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டில் உள்ளே போனால், சிக்கல் வரும்போது பிரித்தானிய உயர் ஸ்தானிகராலயம் செய்யக்கூடியது மிகக் குறைவு. காப்புறுதிக்கும் இதற்கும் தொடர்பில்லை, இருந்தாலும் இரண்டையும் குழப்பிக்கொண்டு கேள்விகள் வருகின்றன.

6 ஜூன்

இன்று அறிவிப்பை எடுத்துவிட்டார்கள். இலங்கைக்குப் பொதுவான எச்சரிக்கை இனி இல்லை. சாதாரணப் பொலிசிகள் வழமைபோலச் செல்லும். ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்கள் பெருமூச்சு விடலாம்.

ஏற்கெனவே சிறப்புப் பொலிசி வாங்கியவர்கள் "14 நாளுக்குள் இரத்துச் செய்யலாம்தானே" என்கிறார்கள். ஒரு மாதத்துக்குக் குறைந்த பயணப் பொலிசிக்கு அந்த உரிமை சட்டத்தில் இல்லை. நிறுவனம் தானாக விரும்பிக் கொடுத்தால் சரி. ஒரு மாதமோ அதற்கு மேலோ என்றால், பயணம் தொடங்காமலும் கிளெய்ம் செய்யாமலும் இருந்தால், உடனே எழுதுங்கள்.

18 மார்ச் 2020

இந்த இழையைப் பலர் மறுபடி தோண்டி எடுக்கிறார்கள். நேற்று, கொரோனாவால், முழு உலகத்துக்கும் அத்தியாவசியமற்ற பயணம் வேண்டாம் என்று வந்துவிட்டது. போன வருடம் ஒரு தீவு செம்மஞ்சள், இப்போது பிரான்ஸும் செம்மஞ்சள். மேலே எழுதிய "எழுத்தில் வாங்குங்கள்", "முன்கூட்டியே கேளுங்கள்" எல்லாம் பொருந்தும். சிறப்புப் பொலிசி விடயம் மட்டும் வேறு. பிரித்தானிய அறிவிப்பை மீறிப் போக கவர் தருகிறவர்களும் தொற்றுநோயை விலக்கியிருக்கலாம். அந்தப் பக்கத்தைத் தனியாகப் பாருங்கள். போகாமல் இருப்பது இன்னும் நல்லது, இந்த முறை பக்கத்து வீட்டுக்கும்கூட.

8 ஜூலை 2022

மறுபடியும் இலங்கை, இந்த முறை பொருளாதாரம். பெற்றோல் இல்லை, மருந்து இல்லை, செம்மஞ்சள் திரும்ப வந்திருக்கிறது.

2019இல் நான் அம்மாவின் நெஞ்சைப் பற்றித்தான் கவலைப்பட்டேன், ஆஸ்பத்திரியைப் பற்றி இல்லை; ஆஸ்பத்திரிகள் ஒழுங்காக இயங்கின. இப்போது அங்கேதான் பிரச்சினை. சத்திரசிகிச்சைகள் தள்ளிப்போகின்றன, அம்புலன்ஸுக்கு எரிபொருள் தேட வேண்டும். ஆகவே பொலிசியில் நான் முன்பு முதலாவதாகச் சொன்ன மருத்துவச் செலவுத் தொகையைவிட, "போதிய வசதியுள்ள அருகிலுள்ள இடத்துக்குக் கொண்டுசெல்லுதல்" என்ற வரியை முதலில் பாருங்கள். கொழும்பிலும் வசதி இல்லாவிட்டால் அந்த இடம் சென்னையாக இருக்கலாம். இந்தியாவுக்குக் கொண்டுபோவார்களா, நோயாளிக்கும் கூடப் போகிறவருக்கும் விசா அலுவலை யார் பார்ப்பது என்று கேட்டு வையுங்கள். வழமையான மருந்து முழுப் பயணத்துக்கும் கையில் இருக்கட்டும், இரண்டு கிழமை உபரியோடு, ஜி.பி. கடிதத்தோடு.

9 ஜூலை

அம்மா கேட்கிறா, இந்த வருடம் போவமா என்று. பெரியம்மாவின் ஆண்டுத் திவசம் ஆவணியில். அறிவிப்பு இருக்கும்வரை சிறப்புப் பொலிசிக்கு விலை கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். "பிரஷரைச் சொல்லாதே" என்கிறா.